இன்னைக்கே பல்லைப் பாத்தாகணும்

பல்வலி வந்தவர் முதலில் பல் டாக்டரிடம் வருவதில்லை என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். முதலில் கிராம்பு. அப்புறம் உப்புத் தண்ணீர். அப்புறம் மெடிக்கல் கடையில் கை நீட்டி வாங்கிய பேர் தெரியாத மாத்திரை. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் மென்று துப்பச் சொன்ன கொய்யா இலை. இத்தனையும் கைவிட்ட பிறகுதான் எங்கள் போன் அடிக்கும். வாரக்கணக்கில் பொறுத்த மனிதருக்கு அதற்கு மேல் அரை மணி நேரம் பொறுக்காது. தனியாரில் காசு கொடுத்துத்தானே பார்க்கிறோம், பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே காசைக் கொடுத்துவிட்டு அதே கேள்வியோடு இன்னும் ஏழெட்டுப் பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள்.

சிவகாசியில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் போனை எடுத்து, யார் எப்போது வரலாம் என்று நேரம் கொடுப்பது என் வேலை. உள்ளே டாக்டர் மேடம், பக்கத்தில் நின்று அவருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கிற செல்வி, வெளியே மேசையில் நான். வலிக்கு மேடம், ரத்தத்துக்குச் செல்வி, கோபத்துக்கு நான் என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். இதைப் படிக்கும்போதே உங்கள் நாக்கு ஒரு ஓரமாகப் போய் ஏதோ ஒரு பல்லைத் தடவிப் பார்த்தால், நீங்களும் நம்ம ஆள்தான். தைரியமாக மேலே படியுங்கள், இங்கே ஊசி கிடையாது.

எந்த சைஸ், எத்தனை?

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் ஒரு அச்சகத்தின் ஆபீசில் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். காலண்டர் ஆர்டர்தான் முக்கால்வாசி. மணி அடித்தால் வணக்கம் சொல்லி, எந்த சைஸ், எத்தனை காப்பி என்று கேட்டுவிட வேண்டும். வருஷக்கணக்கில் அதையே சொல்லி வாய் பழகிவிட்டது. கிளினிக்கில் சேர்ந்த முதல் நாள் காலையில், புதுப் புடவையும் படபடப்புமாக உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. மேடமும் செல்வியும் நான் எப்படிப் பேசுகிறேன் என்று பார்க்க வாசலில் வந்து நின்றுகொண்டார்கள்.

எடுத்தேன். வணக்கம் சொன்னேன். எந்த சைஸ், எத்தனை காப்பி வேணும் என்று கேட்டும்விட்டேன். செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். அந்தப் பக்கம் பேசியவர் விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கிறவர். கடைவாய்ப் பல் வலியில் தூங்காமல் கிடந்து, விடிந்ததும் போன் போட்டிருக்கிறார். முதல் நாளே வேலை போயிற்று என்று நினைத்தேன். பிறகு ரொம்பப் பொறுமையாக ஒரு குரல் வந்தது: "காப்பியெல்லாம் வேண்டாம் தாயி, ஒரிஜினல் ஒண்ணு இருக்கு, அதப் பிடுங்கிவிட்டாப் போதும்."

மழை பெய்தால் கூட்டம்

வேறு ஊர்க் கிளினிக்குகளில் மழை பெய்தால் ஆள் வரமாட்டார்களாம். எங்களுக்கு நேர்மாறு. வெடி காய வெயில் வேண்டும். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் பட்டாசுக் கம்பெனிகளில் பாதி வேலை நின்றுவிடும். சிவகாசியில் தூறல் விழுந்ததும் நான் எழுந்து நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கி இடம் பண்ணுவேன். கொஞ்ச நேரத்தில் குடையும் ஈரச் செருப்புமாகப் படியேறி வந்துவிடுவார்கள். ஒருவர் கையிலும் முன்பதிவு இருக்காது, எல்லோர் கன்னத்திலும் வீக்கம் இருக்கும்.

தீபாவளி சீசன் நெருங்கின ஒரு மழை நாளில், மத்தாப்புப் பிரிவில் வேலை பார்க்கிற ஒரு பெண் வந்தாள். சொத்தை வேர் வரைக்கும் போயிருந்தது. மேடம் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக வலி என்று கேட்டார். ஆடி மாதத்திலிருந்து என்றாள். அப்போதே ஏன் வரவில்லை என்று மேடம் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டார். அந்தப் பெண் கோபப்படவில்லை. கன்னத்தைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு, மேடத்துக்கு ஒரு விவரம் தெரியவில்லையே என்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்: "வெயிலடிக்கையில வலிச்சா யாரு டாக்டரம்மா கேக்கா, மழ பேஞ்சாத்தான பல்லு வலிக்கவே நேரங் கெடைக்கு."

வாட்ஸ்அப்பில் வந்த பல்

போனில் எல்லோரும் உயிர் போகிற வலி என்றுதான் சொல்வார்கள். எந்த உயிர் முதலில் போகிறது என்று என்னால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? மேடம் ஒரு வழி சொன்னார். வலிக்கிற இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல், நான் பார்த்து யார் முதலில் என்று சொல்கிறேன் என்றார். அன்றிலிருந்து என் போன் பூராவும் வாய்கள்தான். அக்காள் மகள் ஒரு தடவை படம் பார்க்கலாம் என்று என் போனை எடுத்துத் திறந்தவள், பிறகு தொடவே இல்லை.

காரியாபட்டியிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கூப்பிட்டார். பல் ஆடுகிறது, சாப்பிட முடியவில்லை, உடனே நேரம் வேண்டும் என்றார். படம் கேட்டேன். முதலில் வந்தது பாஸ்போர்ட் படம் மாதிரி ஒன்று. வாய் இறுக்கி மூடியிருந்தது, தலை படிய வாரியிருந்தது. பல் தெரியவில்லை சார் என்றேன். அடுத்து வாயைத் திறந்தபடி ஒன்று வந்தது. உள்ளே கிணறு மாதிரி இருட்டு. இன்னும் கொஞ்சம் தெளிவாக இருந்தால் நல்லது என்றேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கடைசியில் வந்த படம் அத்தனை தெளிவு. வெள்ளைச் சாஸர், அதன் நடுவில் ஒரு பல், அதன் வேர், நல்ல பகல் வெளிச்சம். பதறிப்போய்க் கூப்பிட்டேன். குரல் முன்னைவிடத் தெம்பாக இருந்தது: "வாய்க்குள்ள வெளிச்சம் பத்தலம்மா, ஆடிக்கிட்டுத்தான இருந்துச்சு, அதான் வெளிய எடுத்து வச்சு எடுத்தேன்."

டாக்டருக்கு வேண்டியவர்

எங்கள் கிளினிக் பலகையில் மேடத்தின் பெயர் சுருக்கமாக, முதலெழுத்தும் ஆண், பெண் இரண்டு பேருக்கும் வைக்கிற ஒரு பேருமாக இருக்கும். அதைப் பார்த்து டாக்டர் ஆண் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரு நாள் நான் டீ குடிக்கக் கீழே போயிருந்த நேரம் போன் அடித்திருக்கிறது. செல்வி கையுறை போட்டிருந்ததால் மேடமே எடுத்துவிட்டார். பேசியவர் கடைத்தெருவில் பெரிய கடை வைத்திருக்கிறவர். மேசைக்காரி என்று நினைத்து மேடத்திடம் அதட்டலாகப் பேசியிருக்கிறார். டாக்டர் தனக்கு ரொம்ப வேண்டியவர், காலையில்தான் நடைப்பயிற்சியில் சந்தித்துப் பேசினோம், அவரே உடனே வரச் சொல்லிவிட்டார், வரிசை கிரிசை என்று நிறுத்திவைக்கக் கூடாது என்றாராம். மேடம் மறுபேச்சுப் பேசாமல், டாக்டரே சொல்லியிருந்தால் வாருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மனிதர் வந்தார். என்னைப் பார்த்து, போனில் பேசியது நீதானே என்கிற மாதிரி ஒரு தலையசைப்பு. நேரே உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, டாக்டரைக் கூப்பிடும்மா என்று மேடத்திடமே சொன்னார். மேடம் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, அசையாமல் இருங்கள் என்று சொல்லி, விளக்கை இழுத்து அவர் முகத்துக்கு நேரே வைத்தார். அண்ணாச்சிக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தார், ஆனால் அந்த நாற்காலியிலிருந்து அத்தனை சுலபமாக எழுந்துவிட முடியாது. மேடம் சிரிக்காமல் சொன்னார்: "காலையில நாந்தான் வரச் சொன்னேனாம்ல அண்ணாச்சி, எங்க, வாயத் தொறங்க."

இரண்டு வீட்டு ரகசியம்

சாத்தூரிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். தம்பிக்கு அந்த வாரம் கல்யாணம். அவன் வேலை பார்க்கிற நோட்டுக் கம்பெனியில் பார்சல் கட்டின பிளாஸ்டிக் பட்டையைப் பல்லால் இழுத்திருக்கிறான். முன்பல் பாதி போயிற்று. பெண் வீட்டுக்குத் தெரிந்தால் மாப்பிள்ளைக்குக் கட்டுப்பல் என்று பேச்சாகிவிடும், அதனால்தான் உள்ளூரில் காட்டாமல் சிவகாசிக்குக் கூட்டி வருகிறோம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுங்கள் என்றார். உடைந்ததை ஒரே நாளில் கட்டிவிடலாம் என்று மேடம் சொல்ல, மதியம் கூட்டம் ஓய்ந்திருக்கும் நேரத்துக்கு வரச் சொன்னேன். சிறிது நேரத்தில் விருதுநகரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். மகளுக்குக் கடைசிப் பல் முளைத்து ஒரு பக்கக் கன்னம் வீங்கிக்கிடக்கிறது, வாரக் கடைசியில் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது, யாரும் இல்லாத நேரமாகக் கொடுங்கள் என்றார். கிளினிக்கில் யாரும் இல்லாத நேரம் ஒன்றுதான் இருக்கிறது. அதையே அவருக்கும் கொடுத்தேன். எந்தக் கல்யாணம், யாரோடு கல்யாணம் என்று கேட்பது என் வேலை இல்லை.

மதியம் மாப்பிள்ளை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துப்பட்டாவால் கன்னத்தை மறைத்துக்கொண்டு பெண் படியேறி வந்தாள். அவளுடைய அம்மாவும் மாப்பிள்ளையின் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். எனக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் மேசைக்குக் கீழே போய்விடலாம் போலிருந்தது. கல்யாணமே நின்றுவிடுமோ என்று பயந்தேன். பெரியவர்கள் இரண்டு பேரும் மழுப்பலாக ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகுதான் தெரிந்தது. பல் உடைந்த நாளிலிருந்து மாப்பிள்ளை வீடியோ காலை எடுப்பதே இல்லை. பெண்ணும் முதல் இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, கன்னம் வீங்கியதும் நிறுத்திவிட்டாள். தன்னைப் பிடிக்கவில்லை என்று இவள் நினைத்து அழுதிருக்கிறாள். அவள் கூப்பிடுவதை நிறுத்தியதும், அவளுக்குத்தான் மனசு மாறிவிட்டதென்று அவர் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். சாப்பிடாததற்குப் பல்லும் ஒரு காரணம். மாப்பிள்ளை மெதுவாகக் கைக்குட்டையை எடுத்துக் காட்டினார். பெண் அந்த ஓட்டையை உற்றுப் பார்த்தாள். வீங்காத பக்கத்துக் கன்னத்தால் மட்டும் சிரித்தாள். "பல்லுதானா? நான் மனசுன்னுல்ல நெனச்சுட்டேன்."

உங்களுக்குத் தோதான நாள்

தாயில்பட்டியிலிருந்து மாரியம்மாள் என்றொரு பெண் கூப்பிட்டாள். அவளும் அவள் வீட்டுக்காரர் கருப்பசாமியும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. வீட்டுக்காரருக்குப் பல்வலி, அவசரமெல்லாம் ஒன்றும் இல்லை, உங்களுக்குத் தோதான நாளாகச் சொல்லுங்கள் அக்கா, ஆர்டர் முடிந்ததும் வருகிறோம் என்றாள். அப்படிப் பேசுகிறவர்கள் அபூர்வம். எனக்கு மனசு குளிர்ந்துபோய், அடுத்த வாரத்தில் நல்ல நேரமாகத் தேடிக்கொண்டே, சாப்பிடுகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டேன். கஞ்சியும் இறங்கவில்லை என்றாள். எச்சிலைக்கூட முழுங்க முடியாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். தாடைக்குக் கீழே கழுத்து வரைக்கும் கல் மாதிரி வீங்கியிருக்கிறதாம். காய்ச்சலாம். காலையிலிருந்து பேச்சும் குழறுகிறதாம். இதையெல்லாம் பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி ஒரே சீராகச் சொன்னாள். நேரம் தேடுவதை விட்டுவிட்டுப் போனோடு எழுந்தேன்.

மேடம் ஒருவருக்கு வேலை செய்துகொண்டிருக்கும்போது நான் கதவைத் திறக்க மாட்டேன். அன்றைக்குத் திறந்தேன். வாயைத் திறந்தபடி படுத்திருந்தவரை அப்படியே விட்டுவிட்டு மேடம் போனை வாங்கினார். நான் சொன்னதையே மறுபடி அவளிடம் கேட்டுக்கொண்டார். இங்கே கூட்டி வர வேண்டாம், வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்துவிடும், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். மாரியம்மாள் தயங்கினாள். அவர் வரமாட்டேன் என்கிறார், பல்லுக்குப் போய் ஆம்புலன்ஸா, நாலு பேர் சிரிப்பார்கள் என்கிறார் என்றாள். பிறகு கருப்பசாமியே போனை வாங்கிப் பேசினார். ஒரு சொல்கூட விளங்கவில்லை. மேடம் அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். "அண்ணே, நீங்க பேசுறது ஒண்ணுமே எனக்கு வெளங்கல. அதனாலதான் இப்பவே போகச் சொல்றேன்" என்றார். பிறகு மாரியம்மாள் போனை வாங்கி, சரிங்கம்மா என்றாள். ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த டாக்டரைக் கூப்பிட்டு மேடம் விவரம் சொல்லிவைத்தார். நாற்காலியில் படுத்திருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாயைக்கூட மூடாமல் காத்திருந்தார். அன்றைக்கு ஒருவர்கூட நேரமாகிறது என்று சொல்லவில்லை. நானும் ஒவ்வொரு போன் மணிக்கும் பயந்து பயந்து எடுத்தேன். சாயந்திரம் மாரியம்மாள் கூப்பிட்டாள். தொண்டையில் குழாய் வைத்து, தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்திருக்கிறார்கள், தாமதித்திருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். சொல்லி முடித்த பிறகுதான் அவள் அழுதாள். செல்வியும் நானும் போனை நடுவில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றோம்.

உடம்பு தேறி, மிச்சப் பல்லையும் காட்டிவிடலாம் என்று கருப்பசாமி ஒரு நாள் எங்கள் கிளினிக்குக்கு வந்தார். தாடைக்குக் கீழே தழும்பு. கையில் ஒரு பை நிறைய வெள்ளரிப் பிஞ்சு. அன்றைக்குப் பல் சுத்தம் செய்ய வந்திருந்த ஒருவர், ரயிலைப் பிடிக்க வேண்டும், என்னை முதலில் அனுப்புங்கள் என்று என்னிடம் குரலை உயர்த்திக்கொண்டிருந்தார். நான் அவரைக் கவனிக்காத மாதிரி, கருப்பசாமி அண்ணே, நீங்க முதலில் உள்ளே போங்க என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அவுக அவசரமா இருக்காகக்கா, அவுக போகட்டும். நான் இங்கனதான இருக்கேன்."

எனக்கு வந்தபோது

பல் கிளினிக்கில் வேலை பார்ப்பவருக்குப் பல்வலி வராது என்று ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது. மேடம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தபோது வந்தது. செல்வி டார்ச் அடித்துக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, சொத்தைதான், உடனே காட்டுங்க என்றாள். அந்த முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தமாதிரி எனக்குப் பட்டது. கிராம்பு வைத்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். கொய்யா இலையும் மென்றேன். எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் விருதுநகரில் இன்னொரு தனியார் கிளினிக்குக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் இனிமையாகப் பேசினாள். அன்றைக்கு இடமே இல்லை, நாளை மறுநாள் வாருங்கள் என்றாள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. உயிர் போகிற வலி என்றேன். அவள் அசையவில்லை. வீட்டில் கல்யாணம் என்றேன். ரயிலில் ஊருக்குப் போகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று என்றேன். டாக்டர் எனக்கு ரொம்பப் பழக்கம் என்றேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லச் சொல்ல, எதிரே செல்வி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அந்தப் பெண் இடையில் பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, சாயந்திரமே வந்துவிடுங்கள், நான் எப்படியாவது உள்ளே விடுகிறேன் என்றாள். கூடவே ஒன்றும் சொன்னாள்: "அக்கா, நீங்களும் இதே வேலதான பாக்கீக? வலிக்கிறவுக பொய்ய முன்னப்பின்ன மாத்திச் சொல்லுவாக, நீங்க வரிசை தப்பாமச் சொல்லுதீகளே."

இத்தனை வருஷத்தில் எல்லா வகை அவசரத்தையும் பார்த்துவிட்டேன், ஆனால் வலி நின்ற பிறகு, மறுபடி வரச் சொன்ன நாளில் அவசரமாகப் படியேறி வந்த ஒருவரை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.